டிஎன்ஏ சோதனையில் சொந்தம் தேடப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் தாத்தா 1930களில் வட ஆர்க்காட்டுப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மலாயாவின் பேராக் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ஊர்ப் பெயர் அவரோடு போய்விட்டது. நான் இப்போது இங்கிலாந்தில், பர்மிங்காமில் இருக்கிறேன். அந்த ஊரையும் அங்கே விட்டுப்போன சொந்தத்தையும் டிஎன்ஏ சோதனை வழியாகத் தேடினேன். ஒன்றரை வருடம் ஆனது, 300 பவுண்டுக்கு மேல் செலவானது. நடுவில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். திரையில் வந்த ஓர் எண்ணைத் தவறாகப் படித்து, தாத்தாவுக்கு வேறொரு குடும்பம் இருந்தது என்று 86 வயது அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படி ஒரு குடும்பமே இல்லை என்று தெரிய ஐந்து மாதம் ஆனது.

இணையத்தில் இருக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியவை. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் நம் வழக்கம் அவற்றில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

‘என் வேர் எங்கே?’ என்று எழுதினால் போதாது. ‘தாத்தாவின் ஊர் எது?’, ‘தத்துக் கொடுக்கப்பட்ட அம்மாவைப் பெற்றவர் யார்?’, ‘ஜப்பானியர் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போகப்பட்ட பெரியப்பாவின் பிள்ளைகள் எங்கே?’ என்று ஒரே ஒரு கேள்வியாக எழுதுங்கள். யாருக்குச் சோதனை செய்ய வேண்டும், எங்கே செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கேள்வியைப் பொறுத்தது.

சதவீதக் கணக்குக்காக மட்டும் பணம் செலவழிக்காதீர்கள். உங்களில் இத்தனை சதவீதம் தென்னிந்தியா, இத்தனை சதவீதம் இலங்கை என்று வண்ண வரைபடம் வரும். அது மாவட்டத்தைக்கூடச் சொல்லாது, ஊரை எங்கே சொல்லப் போகிறது? நிறுவனம் தன் ஒப்பீட்டுத் தரவைப் புதுப்பிக்கும்போது அந்தச் சதவீதமும் மாறும். நமக்கு உதவுவது உறவினர் பட்டியல்தான். உங்களோடு டிஎன்ஏ துண்டுகளைப் பகிர்பவர்கள் யார், எவ்வளவு பகிர்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் அது. அதுவும் நான்கைந்து தலைமுறைக்கு மேல் போனால் நம்பகமாக இருக்காது. மூன்றுவிட்ட சொந்தங்களிலேயே (தாத்தாவின் தாத்தா ஒருவராக இருப்பவர்கள்) சுமார் பத்தில் ஒருவரோடு உங்களுக்குப் பொதுவான துண்டு எதுவும் தென்படாமல் போகலாம்.

2. உங்கள் எச்சிலை அல்ல, வீட்டில் மூத்தவரின் எச்சிலை அனுப்புங்கள்

நான் செய்த முதல் வீண்செலவு என்னைச் சோதித்துக்கொண்டதுதான். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி போய்விடும். தாத்தாவின் டிஎன்ஏவில் பாதி அத்தையிடம் இருக்கிறது, ஏறத்தாழ கால் பங்குதான் என்னிடம். பின்னால் எங்களுக்கு வழி திறந்த, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து உறவினர் என் பட்டியலில் வெறும் 61 சென்டிமார்கனோடு (பகிர்ந்த டிஎன்ஏவை அளக்கும் அலகு) நான்காவது பக்கத்தில் கிடந்தார். நான் கவனிக்கவே இல்லை. அத்தையின் பட்டியலில் அவர்தான் முதல் ஆள், 341.

பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களைச் சோதியுங்கள். அதன் பிறகு உங்களைச் சோதிப்பதால் புதிதாக எதுவும் கிடைக்காது. பெற்றோர் இல்லையென்றால் அத்தை, பெரியப்பா, தாய்மாமன், சின்னம்மா என்று போங்கள். ஒருவருக்கு மேல் வசதிப்பட்டால் உடன்பிறந்த இருவரைச் சோதிப்பது நல்லது. இருவரும் பெற்றோரிடமிருந்து ஒரே பாதியை வாங்கியிருக்க மாட்டார்கள். இருவரையும் சேர்த்தால் ஒரு பெற்றோரின் டிஎன்ஏவில் முக்கால் பங்கு கைக்கு வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு நாளை என்பது நிச்சயமில்லை. சித்தப்பாவை ‘அடுத்த தள்ளுபடிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவைத்தேன். அந்தத் தள்ளுபடி வருவதற்குள் அவர் போய்விட்டார். இதில் 40 பவுண்டு மிச்சம் பார்க்காதீர்கள்.

3. எந்த நிறுவனம்?

உறவினர் தேடலுக்கு வேண்டியது ஆள் எண்ணிக்கை. ஆன்செஸ்ட்ரியில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இருப்பதில் பெரியது அதுதான். வேறு இடத்தில் எடுத்த சோதனைக் கோப்பை அவர்கள் ஏற்பதில்லை, எனவே அங்கே நுழைய அவர்கள் சோதனைப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். அங்கே எடுத்த கோப்பை இறக்கி ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ, ஜெட்மேட்ச் என்ற தளங்களிலும் ஏற்றலாம். உறவினர் பட்டியல் பார்க்க இரண்டும் இலவசம், கூடுதல் வசதிகளுக்குத்தான் காசு. ஆகவே முதல் பெட்டி ஆன்செஸ்ட்ரி, அப்புறம் மற்ற இடங்களில் ஏற்றுவது என்பது என் யோசனை. இரண்டாவது பெட்டிக்குப் பணம் இருந்தால் மைஹெரிட்டேஜ். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஆட்கள் அங்கே நிறைய வருகிறார்கள்.

பெட்டியின் வழக்கமான விலை இங்கே 80 பவுண்டை ஒட்டி, அமெரிக்காவில் 99 டாலர் போல இருக்கும். ஏப்ரல் 25 டிஎன்ஏ தினம், அன்னையர் தினம், நவம்பர் கடைசி வெள்ளி ஆகிய மூன்று சமயங்களிலும் தள்ளுபடியில் ஏறக்குறைய பாதிக்கு வரும். தபால் செலவு தனி. உங்களுக்கும் பட்டியலில் உள்ள இன்னொருவருக்கும் பொதுவான உறவினர்களை முழுதாகப் பார்க்க மாதச் சந்தா கேட்பார்கள். சந்தாவை வருடக் கணக்கில் கட்ட வேண்டாம். ஒரு மாதம் கட்டி, தேவையானதைக் குறிப்பெடுத்து, நிறுத்திவிடுங்கள்.

தந்தைவழியை மட்டும் பார்க்கும் ஒய்-டிஎன்ஏ சோதனைக்கு விலை அதிகம். வெள்ளைக்காரர்களுக்கு அது குடும்பப் பெயரோடு சேர்ந்து வேலை செய்யும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னெழுத்து. ஆகவே தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள்.

பிரான்சில் இருப்பவர்கள் கவனிக்கவும்: மருத்துவர், நீதிமன்றம் வழியாக இல்லாமல் இப்படி வாங்கிச் சோதிப்பது அங்கே சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. ரீயூனியன், குவாதலூப் தீவுகளுக்கும் அதே சட்டம்தான்.

4. மாதிரி எடுப்பது

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இதில்தான் ஏழு வாரம் போனது.

சோதனைக்கு முன் 30 நிமிடம் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். வெற்றிலை பாக்கைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். அத்தைக்கு வெற்றிலை இல்லாமல் இருக்க முடியாது. வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத்தான் எடுத்தோம், ஆனாலும் எச்சில் சிவப்பாகவே இருந்தது. ஆய்வகத்தில் அந்த மாதிரி தேறவில்லை. மாற்றுப் பெட்டி வந்ததும் காலையில் எழுந்தவுடன், வெறும் வயிற்றில், முதல் வெற்றிலைக்கு முன்பாக எடுத்தோம். தேறிவிட்டது.

மூத்தவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும். குழாயில் கோடு வரை துப்புவது அவர்களுக்குப் பெரிய வேலை. கன்னத்தை உள்பக்கமாக லேசாகத் தேய்த்துவிட்டால் எச்சில் ஊறும். கோடு என்பது எச்சிலுக்கு, நுரைக்கு அல்ல. அதுவும் முடியாவிட்டால் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுக்கும் மைஹெரிட்டேஜ் அல்லது ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ பெட்டியை வாங்குங்கள்.

பெட்டியில் இருக்கும் எண்ணைக் கணக்கில் பதிவு செய்துவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே நாளில் எடுத்தால் குழாய் மாறிவிடும், தனித்தனி நாளில் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து விருந்தாக வந்தவருக்கு எடுப்பதானால் வந்த முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். மாதிரி தேறவில்லை என்றால் இன்னொரு முறை எடுக்க அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு அத்தை மலேசியாவின் ஈப்போவுக்குத் திரும்ப ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது.

ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. சம்மதமும் பூட்டும்

பெரியவரிடம் ‘ஒரு டெஸ்ட், துப்புங்க’ என்று மட்டும் சொல்லி எடுக்காதீர்கள். உட்காரவைத்து மூன்று விஷயம் சொல்லுங்கள். தெரியாத சொந்தம் வெளியே வரலாம். தெரிந்த சொந்தம் இல்லை என்றும் வரலாம். எடுத்த மாதிரியை எப்போது வேண்டுமானாலும் அழிக்கச் சொல்லலாம். ‘அப்படி ஏதாவது வந்தால் உங்களிடம் சொல்லவா, வேண்டாமா?’ என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை.

கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும், நிர்வாகப் பொறுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குப் பின் யார் பார்த்துக்கொள்வது என்றும் இப்போதே பேசுங்கள். ஆராய்ச்சிக்குத் தரவைக் கொடுக்கச் சம்மதமா என்ற கேள்வி தனியாக வரும், வேண்டாம் என்று சொன்னாலும் முடிவு வந்துசேரும். ஜெட்மேட்சில் காவல்துறைத் தேடலுக்குச் சம்மதமா என்றும் கேட்பார்கள். படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியதாக வைக்காதீர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் நடந்த திருட்டு, மக்கள் மற்ற தளங்களில் வைத்திருந்த அதே பழைய கடவுச்சொற்களை வைத்து நடந்தது. நேரடியாகத் திறந்தது சுமார் 14,000 கணக்குகள். உறவினர் பட்டியல் வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம் போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டுக் கைமாறியது. ஆகவே முடிவு வந்த அன்றே மூலக்கோப்பை இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. எண்ணைப் படிப்பது: தமிழ்க் குடும்பங்கள் சறுக்கும் இடம்

பகிர்ந்த டிஎன்ஏவின் அளவை சென்டிமார்கன் என்று சொல்வார்கள். சராசரிக் கணக்கு இப்படி: பெற்றோர்–பிள்ளை 3,400 முதல் 3,500. உடன்பிறந்தவர் 2,600 அளவில். பாதி உடன்பிறப்பு (பெற்றோரில் ஒருவர் மட்டும் பொது), தாத்தா–பேரன், தாய்மாமன்–மருமகன் எல்லாம் 1,750ஐ ஒட்டி. ஒன்றுவிட்ட சொந்தம் 866, அது 396இலிருந்து 1,397 வரை போகலாம். இரண்டுவிட்டது 229, ஆனால் 41இலிருந்து 592 வரை. மூன்றுவிட்டது 73, சுழியமாகவும் இருக்கலாம். டிஎன்ஏ பெயின்டர் என்ற இலவசத் தளத்தில் எண்ணைப் போட்டால் எந்தெந்த உறவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும்.

இந்தக் கணக்கு எல்லாம் இரு குடும்பம் ஒரே ஒரு வழியில் மட்டும் சொந்தம் என்று வைத்துப் போட்டது. நம் வீட்டில் அப்படியா? தாத்தா கட்டியது சொந்த மாமன் மகளை. அவருடைய அக்கா கட்டியது தாய்மாமனை. ஒரே ஆளோடு இரண்டு வழி, மூன்று வழி சொந்தம். ஒவ்வொரு வழியிலும் கொஞ்சம் டிஎன்ஏ வந்து சேர, எண் ஏறிவிடும். இரண்டுவிட்டவர் ஒன்றுவிட்டவர் அளவுக்கு நெருங்கி வந்து நிற்பார்.

அத்தையின் 341க்குத் தளம் காட்டிய வாய்ப்புகளில் ‘பாதி உடன்பிறப்பின் பேரன்’ என்பதும் ஒன்று. அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் தாத்தாவுக்கு இன்னொரு மனைவி இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, போன் போட்டு அத்தையிடம் சொன்னேன். உண்மையில் டர்பன்காரர் அத்தைக்கு இரண்டுவிட்ட அண்ணன் முறை. இருவரின் தாத்தாக்களும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. உள்ளுக்குள்ளேயே நடந்த கல்யாணங்கள் எண்ணை ஏற்றிவிட்டிருந்தன.

இதைத் தவிர்க்க நான் இப்போது செய்வது:

மொத்த எண்ணோடு மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பார்ப்பேன். எங்களுடைய 341இல் நீளமான துண்டு 29தான், மீதியெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். பொடியாக நிறைய இருந்தால் பழைய சொந்தம் பல வழியில் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நெருங்கிய சொந்தத்தில் பெரிய துண்டுகள் இருக்கும்.

ஜெட்மேட்சில் ‘உங்கள் பெற்றோர் உறவினரா?’ என்று பார்க்கும் கருவி இருக்கிறது. அத்தைக்கு அதை ஓட்டுங்கள், அம்மாவுக்கும் ஓட்டுங்கள். ஆம் என்று வந்தால் பதறவேண்டாம். மாமன் மகளைக் கட்டினால் அப்படித்தான் வரும். பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் ஒரு படி தள்ளிப் படிக்க வேண்டும் என்பதற்கான எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பமா? அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டியிருந்தால், அவர்கள் பிள்ளைகள் பகிர்வது சராசரியாகப் பாதி உடன்பிறப்பின் அளவு. 1,700 என்று பார்த்ததும் அப்பா மேல் சந்தேகப்படாதீர்கள். பாதி உடன்பிறப்புகளுக்குப் பொதுவான பெற்றோர் ஒருவர்தான், அதனால் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் ஒத்துப்போகும் பகுதிகள் சாதாரணமாக இருக்காது. பெண் கொடுத்து எடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை இருக்கும். ஜெட்மேட்ச் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. தளம் எல்லோரையும் ‘கசின்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நமக்குப் பங்காளியா, மாமன் மச்சானா என்பது வேறு வேறு. எனவே மரம் வரையும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் முறையை எழுதுங்கள்: அத்தை, பெரியம்மா, தாய்மாமன் என்று. எந்தக் கல்யாணம் சொந்தத்துக்குள் நடந்தது என்பதைச் சிவப்பு மையில் குறியுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் டிஎன்ஏவைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ‘அவங்க நமக்கு என்ன முறை வேணும்?’ என்று கேட்டுப் பாருங்கள், மூன்று தலைமுறை வந்து கொட்டும்.

7. பட்டியலில் இருப்பவருக்கு எழுதுவது

பெயரைப் பார்த்துத் தமிழரா இல்லையா என்று முடிவு கட்டாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் முதலியார் ‘மூட்லி’ ஆகியிருப்பார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகியிருப்பார், முனுசாமி ‘மூன்சாமி’. அங்கே குடும்பப் பெயராக இருப்பது பல சமயம் கப்பலில் வந்த பாட்டனின் சொந்தப் பெயர்தான். அதுவே உங்களுக்குத் துப்பு.

முதல் கடிதம் ஐந்தாறு வரி போதும். நான் யார், எங்கே இருக்கிறேன், அத்தையின் பட்டியலில் நீங்கள் இத்தனை சென்டிமார்கனில் வருகிறீர்கள், எங்கள் பெரியவர்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம், உங்கள் முன்னோர் எந்த ஊர் என்று தெரியுமா? அவ்வளவுதான். உங்கள் யூகத்தை எழுதாதீர்கள். ‘நம் தாத்தா ஒருவரே’ என்று முதல் கடிதத்திலேயே எழுதினால் எதிரில் இருப்பவர் பயந்து கணக்கை மூடிவிடுவார்.

நிறைய பேர் சதவீதம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கூட வருவதில்லை. எனக்கு டர்பனிலிருந்து பதில் வர பதினோரு வாரம் ஆனது. இரண்டு மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பதில் வந்தால் அடுத்த கேள்வி குலதெய்வம். மொழி மறந்த வீட்டிலும் குலதெய்வத்தின் பெயர் மிஞ்சியிருக்கும், உருமாறியாவது இருக்கும். அவர்கள் வருடாவருடம் பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமியின் பெயரும், அத்தை சொன்ன பெயரும் ஒன்றாக இருந்த அன்றுதான் எங்கள் தேடல் சரியான பாதைக்கு வந்தது.

8. தாள்கள்

டிஎன்ஏ சொந்தம் உண்டு என்று மட்டும்தான் சொல்லும். ஊரையும் பெயரையும் தாள்தான் சொல்லும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். அந்த எண் பல குடும்பங்களிடம் இன்னும் இருக்கிறது, உறவினரிடம் அதைக் கேளுங்கள். எங்களுக்கு ஊர் கிடைத்தது 1903ஆம் வருடத்துப் பட்டியலில், டர்பன் உறவினரின் முன்னோரைப் பற்றிய ஒரே ஒரு வரியிலிருந்துதான். மொரீஷியஸ் வழியானால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகம். வாரிசு என்று காட்டப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைச் சங்கிலியாக எடுத்துச் செல்ல வேண்டும்.

மலாயாவுக்குக் கங்காணி வழியாக வந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடைப்பது அரிது. வீட்டுத் தகரப் பெட்டியைத் திறவுங்கள். ஊரிலிருந்து வந்த கடிதத்தின் தபால் முத்திரை, மணியார்டர் ரசீது, பழைய கடவுச்சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றையும் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மாவட்டமும் ஏமாற்றும். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. ஆகவே 1903இல் வட ஆர்க்காடு என்று எழுதிய ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். மிச்சப் பகுதி வேலூர், திருவண்ணாமலை, 2019க்குப் பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்துவிட்டது. நான் இரண்டு மாதம் தப்பான மாநிலத்தில் தேடினேன்.

தத்துப் போனவர்களுக்கு மட்டும் வரிசை தலைகீழ். 1980களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் தாள்களில் பொய்ப் பெயர்களும் தாயாக நடித்தவர்களும் இருந்தது விசாரணைகளில் வெளிவந்திருக்கிறது. தாளை வைத்து ஒருவரை அம்மா என்று கட்டிப்பிடிக்கும் முன் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள். 3,400ஐ ஒட்டி வராவிட்டால் தாள் பொய்.

9. ஊருக்குப் போகும்போது

சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் சந்திப்பில் எச்சில் கேட்பது மரியாதை இல்லை. மரத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துச் செல்லுங்கள், முறைகளோடு. அத்தையின் படம், தாத்தாவின் படம், கப்பல் பட்டியலின் நகல், குலதெய்வத்தின் பெயர். நேராக வீட்டுக்குப் போகாமல் முதலில் கோயில் பூசாரியையோ கிராம நிர்வாக அலுவலரையோ பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து திடீரென்று வந்து நிற்கும் பங்காளியைப் பார்த்ததும் ஊரில் முதலில் வரும் பயம் நிலம். பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்று நினைப்பார்கள். அதில் தப்பும் இல்லை, இருப்பதே கால் காணி. ஆகவே வணக்கம் சொன்னதும், தாளை எடுப்பதற்கு முன்னால், ‘சொத்துக்காக வரலைங்க, சாமி கும்பிட்டுட்டுப் போக வந்தேன்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொன்ன பிறகுதான் திண்ணையில் இருந்த பெரியவர் நகர்ந்து இடம் விட்டு, தாத்தாவின் படத்தைக் கையில் வாங்கினார்.